ஓய்வுபெற்ற விமானங்களைக் காப்பது யார் செலவில்?

2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மும்பை விமான நிலையத்திலிருந்து ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம் ஒன்று பிரயாணிகள் எவருமின்றிக் கிளம்பிற்று. மேலெழும்பியதும் இருபுறமும் இறக்கையைச் சாய்த்து நகரத்தாருக்கு விடை சொல்லிவிட்டு அமெரிக்காவை நோக்கிப் போய்விட்டது. அக்கம்பெனியிடம் மீதியிருந்த நான்கு 747 விமானங்களையும் அமெரிக்கக் கம்பெனியொன்று விலைக்கு வாங்கியிருந்தது. பழைய விமானங்களை வாங்குவோர் அவற்றைப் பாகம் பாகமாகக் கழற்றி விற்பது அத்தொழிலில் சர்வ சாதாரணம். பத்திரிகைகள் படம் போட்டன. பழைய பிரயாணிகள் உருகி எழுதினர். அவ்வுருக்கத்தில் நமக்கும் பங்குண்டு. ஆனால் அந்நான்கில் ஒன்றைக்கூடக் காட்சிச்சாலைக்கென்று ஒதுக்கி வைக்கவில்லை என்ற விஷயத்தை உருக்கத்தோடு விட்டுவிட நாம் தயாராக இல்லை.

இவ்விமானங்கள் யாருடைய பணத்தில் வந்தவை? 1932ஆம் வருஷம் அக்டோபர் 15ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா தபால் மூட்டையுடன் ஒற்றை எஞ்சின் விமானமொன்றைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அப்போது அது தனி மனிதரின் முயற்சி. 1953ல் விமானப் போக்குவரத்து தேசீயமயமாயிற்று. அன்று முதல் 2022 ஜனவரி 27ந் தேதி டாட்டா நிறுவனத்தாரிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது வரையில், 68 வருஷங்களுக்கு மேல், ஏர் இந்தியா பொதுஜனங்களின் சொத்து. 1971ல் முதல் 747 வாங்கியதும் பொதுப் பணத்தில்தான். பிற்காலத்தில் நஷ்டம் வந்தபோதெல்லாம் ஈடு கட்டியதும் வரிப்பணமே. 1990ல் குவைத் யுத்தம் மூண்டபோது ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியரை நமது சொந்த விமானங்களே கொண்டுவந்து சேர்த்தன. அவர்களில் பலர் கையில் மாற்றுடை கூட இல்லாதவர்கள். அத்தகைய சரித்திரமுள்ள கப்பல்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

விற்பனையின்போது நடந்த ஒரு காரியத்தை வைத்தே சர்க்காரின் மனப்பான்மையை அளந்துவிடலாம். ஏர் இந்தியா பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களும் சிற்பங்களும் சுமார் 4,000 இருந்தன. கம்பெனியை 18,000 கோடி ரூபாய் மதிப்புக்கு விற்றபோது (இதில் ரொக்கம் 2,700 கோடிதான், மற்றது கடன் பொறுப்பு) இக்கலைப் பொருள்களை விற்பனையில் சேர்க்காமல் சர்க்கார் தனியே பிரித்து வைத்தது. 2023ல் அவை தேசீய நவீன கலைக்கூடத்திற்குச் சேர ஏற்பாடாயிற்று. இது நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் ஒரு கேள்வி எழாமற் போகுமா? ஆபீஸ் சுவரில் தொங்கிய சித்திரம் தேசத்தின் பொக்கிஷமாம். அச்சித்திரத்தை வாங்குவதற்குச் சம்பாதித்துக் கொடுத்த விமானம் மட்டும் காயலான் கடைச் சரக்காம்! விற்பனைப் பத்திரம் எழுதிய நிபுணர்களுக்கு ஒரு ஷரத்து அதிகமாக எழுதுவதில் என்ன சிரமம்? 'இன்ன இன்ன ரகத்தில் கடைசி விமானம் ஒன்று ஓய்வு பெறும்போது அது தேசத்துக்கு உரியது' என்ற ஒரே வரி போதுமாயிருந்தது.

விற்றது ஒரு புறம் இருக்க, மறந்ததும் ஒன்றுண்டு. கல்கத்தா விமான நிலையத்தின் மூலையொன்றில் போயிங் 737 ரகத்து விமானமொன்று 2012 முதல் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இந்தியன் ஏர்லைன்ஸில் பிரயாணிகளையும், பின்னர் தபாலையும் சுமந்த விமானம் அது. கம்பெனியின் சொத்துக் கணக்கிலிருந்தே அது எப்படியோ நழுவிவிட்டது. விமான நிலையத்தார் அப்புறப்படுத்தும்படி சொன்ன பிறகுதான், 13 வருஷம் கழித்து 2025ல், தங்களுக்கு இப்படியொரு விமானம் இருப்பதே சொந்தக்காரர்களுக்குத் தெரிய வந்தது. வாடகை மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் கட்ட வேண்டியதாயிற்றாம். மாட்டுக் கொட்டிலில் ஒரு கன்று குறைந்தால் அன்றிரவே தேடிப் போகும் குடியானவர்கள் வாழும் தேசத்தில் ஒரு விமானம் பதின்மூன்று வருஷம் காணாமற் போயிருந்தது! நல்ல வேளையாக அது உடைபடவில்லை. மெக்கானிக்குகளின் பயிற்சிக்கென்று தரை வழியாகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டது.

'ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் நோயாளி தரையில் கிடக்கிறான், பள்ளிக்கூடத்திற்குக் கூரையில்லை. பழைய விமானத்திற்குக் கூரை போடுவதுதான் இப்போது அவசரமா?' என்று நமது நண்பர்களில் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அலட்சியமாகத் தள்ளக் கூடியதன்று. ஆயினும் இதே தேசத்தில் ரயில்வே இலாகா என்ன செய்தது என்று பாருங்கள். 1977ல் டில்லியில் தேசீய ரயில் காட்சிச்சாலையைத் திறந்து, பழைய எஞ்சின்களையும் வண்டிகளையும் நிறுத்தி வைத்தது. நமது பெரம்பூரிலும் ஒன்று உண்டு. அதனால் ரயில்வேயோ தேசமோ திவாலாகிவிடவில்லை. மேலும், அப்துல் கலாம் தமது சுயசரிதையில் ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் சேர்ந்த காலத்தில், பணியிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு விமானங்களை மாணவர்கள் பார்த்துக் கற்பதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அவற்றால் ஈர்க்கப்பட்டே விமானப் பொறியியலைத் தேர்ந்துகொண்டாராம். அவ்விரண்டையும் அன்று எடைக்குப் போட்டிருந்தால் கல்லூரிக்குச் சில ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்கும். கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

ஆகவே காப்பாற்ற வேண்டுமா என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. செலவு யாருடையது என்பதுதான் விவகாரம். இதை மழுப்பிவிட்டுக் காட்சிச்சாலை வேண்டும் என்று கூச்சலிடுவது பயனற்றது.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டிருப்பார்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு வைக்க விரும்பியவன் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போனதில்லை. நாள்தோறும் அது எரிவதற்கு வேண்டிய நெய்க்காக 90 ஆடோ 96 ஆடோ விட்டுச் சென்றான். அவற்றை இடையர் பொறுப்பில் ஒப்புவித்து, 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு செத்தாலும் மூத்தாலும் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிவர வேண்டுமென்பது நிபந்தனை. தர்மத்தைச் சாஸனமாக எழுதத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். விளக்கைக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டு ஆட்டைக் கொடுக்காமற் போகும் வழக்கம் பிற்காலத்தது.

மேனாட்டு விமானக் காட்சிச்சாலைகளில் பல இந்த ஆடில்லாத விளக்குகள்தாம். இங்கிலாந்தில் காஸ்போர்டு என்னுமிடத்தில் ராயல் விமானப் படையின் காட்சிச்சாலை இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பழைய பிரயாணி விமானங்களைத் திறந்த வெளியில் நிறுத்தி, பராமரிப்புச் செலவையும் ஏற்றிருந்தது. விக்கர்ஸ் விசி-10, போயிங் 707, டிரைடெண்ட், பிஏசி 1-11, வைக்கவுண்ட் ஆகியவை வரிசையாக நின்றன. ஒரு தேசத்தின் விமானத் தொழிலே அங்கு நின்றது என்னலாம். 2006ல் கம்பெனியார் இனி இச்செலவைத் தாங்க மாட்டோம் என்று கையை விரித்தனர். காட்சிச்சாலையிடம் அதற்கென்று வேறு பணமில்லை. விளைவென்ன? டிரைடெண்டை உடைத்தார்கள், விமானி உட்காரும் முன்பகுதி மட்டும் தப்பிற்று. 707ஐ வெட்டி அதன் முன்பாகத்தை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். விசி-10இன் உடல் இறக்கையின்றிப் புரூக்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்தது. சிறிய விமானங்களான மற்ற இரண்டுமே முழு உருவத்தோடு ஸ்காட்லாந்தில் வேறிடம் பெற்றன. கம்பெனியார் சட்ட விரோதமாக எதையும் செய்யவில்லை. அவர்கள் கொடுத்து வந்தது தயவு. தயவுக்குக் கோர்ட்டில் வழக்கில்லை.

சர்க்காரே வாங்கினால் மட்டும் சங்கடம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 1977ல் பயங்கரவாதிகளால் மொகடிஷுவுக்குக் கடத்தப்பட்ட 'லாண்ட்ஸ்ஹுட்' என்ற ஜெர்மன் விமானம் பிரேசில் தேசத்தின் போர்ட்டலேஸா நகரில் கைவிடப்பட்டுக் கிடந்தது. 2017ல் ஜெர்மன் சர்க்கார் அதைச் சுமார் 20,000 யூரோவுக்கு வாங்கி, பிரித்தெடுத்து, ராட்சத சரக்கு விமானங்களில் ஏற்றி பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகருக்குக் கொண்டுவந்தது. ஜனங்கள் திரண்டு வரவேற்றனர். அதன் பிறகு? வருஷா வருஷம் ஆகும் செலவு யாருடையது என்று சர்க்காரும் காட்சிச்சாலையாரும் வாதாடிக்கொண்டிருக்க, அவ்விமானம் பல வருஷம் பிரித்தபடியே கொட்டகையில் கிடந்தது. 2020ல் பார்லிமெண்டுக் கமிட்டி பத்து வருஷத்திற்கென்று ஒன்றரைக் கோடி யூரோ வரையில் அனுமதித்த பிறகே வழி பிறந்தது. வாங்கிய விலையையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விமானம் மலிவு, வைத்துக் காப்பதே விலையுயர்ந்தது என்பது விளங்கும்.

ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 747 விமானத்தின் நீளம் சுமார் 70 மீட்டர். இறக்கை முனைக்கு முனை சுமார் 64 மீட்டர். இதைக் கூரைக்குள் வைப்பதென்றால் பெரிய சந்தைக் கொட்டகை போன்ற கட்டிடம் வேண்டும். கூரையின்றி வைத்தாலோ, மழைநீர் வயிற்றுப் பாகத்தில் தேங்கி அலுமினியத்தை அரிக்கும். வெயிலில் ரப்பர் பட்டைகள் வெடிக்கும். எஞ்சின் வாயிலும் சக்கரக் குழியிலும் பறவைகள் கூடு கட்டும். நமது கோயில் விமானத்துக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துகிறோம். இந்த விமானத்துக்கு அவ்வளவு நாள் கூடப் பொறுமை கிடையாது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குவீன்ஸ்லாந்தின் உட்புறத்தில் லாங்ரீச் என்ற ஊர். ஜனத்தொகை சுமார் 3,000. குவாண்டாஸ் கம்பெனி ஆதியில் வளர்ந்த இடம். 2002ல் அக்கம்பெனி தன் 747 விமானங்களில் ஒன்றை அங்குள்ள காட்சிச்சாலைக்குத் தானமாகக் கொடுத்தது. கம்பெனியின் முதல் ஜெட் விமானமான 707 வெளிநாட்டில் அழியக் கிடந்தபோது, ஓய்வுபெற்ற என்ஜினீயர்கள் சம்பளமின்றி உழைத்து அதைப் பறக்கச் செய்து 2006ல் தேசத்திற்குக் கொண்டுவந்தனர். மத்திய சர்க்காரும் பணம் உதவிற்று. பின்னர் மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காருமாகச் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்ததில், 2020ல் விமானங்களுக்கு மேல் பெருங் கூரை எழுந்தது. தினப்படிச் செலவுக்கு வருவோர் கொடுக்கும் கட்டணம் இருக்கிறது. விமானத்தைக் கம்பெனி கொடுத்தது, கூரையைச் சர்க்கார் போட்டது, உழைப்பைத் தொண்டர்கள் தந்தனர், நெய்யைப் பார்க்க வருவோர் வார்க்கின்றனர். நாற்பங்காளிகளில் ஒருவர் சோர்ந்தாலும் மற்ற மூவர் பிடித்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் ஸ்டோலன் என்ற கிராமத்தாரின் சாமர்த்தியம் வேறு விதம். 1989ல் புல்வெளியில் இறங்கிய இல்யூஷின்-62 விமானத்தைக் காட்சிக்கு வைத்ததோடு, அதற்குள்ளேயே கல்யாணப் பதிவும் நடத்துகிறார்கள்! முகூர்த்த நாளில் சத்திரம் கிடைக்காமல் அலையும் நம்மவர்களுக்கு இந்த யோசனை ரஸிக்கும்.

நம் தேசத்திலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. கோவாவிலுள்ள கடற்படை விமானக் காட்சிச்சாலையில் ஒரு சூப்பர் கான்ஸ்டெல்லேஷன் நிற்கிறது. ஏர் இந்தியாவில் பிரயாணிகளைச் சுமந்து, பிறகு விமானப் படைக்கும் அதன்பின் கடற்படைக்கும் போனதால் மட்டுமே அது பிழைத்தது. சிவில் இலாகாவிடமே இருந்திருந்தால் அதுவும் பாத்திரமாய் உருகியிருக்கும் என்பது நமது அபிப்பிராயம். ராஜீவ் சந்திரசேகர் ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்தபோது பழைய டக்கோட்டா ஒன்றைத் தம் சொந்தச் செலவில் பிரிட்டனில் செப்பனிடுவித்து 2018ல் விமானப் படைக்கு வழங்கினார். தனவந்தர்கள் கவனிக்க வேண்டிய உதாரணம்.

தமிழர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. அரக்கோணம் ராஜாளி தளத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த டுபோலெவ்-142 என்ற கடற்படை விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. பணி செய்தது நம் மண்ணில். ஆனால் அவற்றுள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அவ்வருஷ டிசம்பரிலேயே கடற்கரைச் சாலையில் காட்சிச்சாலையாகத் திறந்தவர்கள் விசாகப்பட்டினத்தார். விமானத்தைக் கடற்படை கொடுத்தது. அமைக்கும் செலவை அந்நகர அபிவிருத்தி ஸ்தாபனம் ஏற்றது. உள்ளே செல்வோரிடம் கட்டணம் வாங்குகிறார்கள். ஆந்திர சகோதரர்கள் மீது நமக்குப் பொறாமையில்லை. அரக்கோணத்திலிருந்து ஒன்றரை மணி நேர தூரத்தில் மெரீனா இருந்தும் நம்மவர்களுக்கு இந்த யோசனை தோன்றவில்லையே என்பதே வருத்தம்.

நாம் கோருவது இதுதான். எல்லாப் பழைய விமானங்களையும் காக்கச் சொல்லவில்லை, அது பைத்தியக்காரத்தனம். ஒரு ரகத்துக்கு ஒன்று, அதுவும் தேசத்தின் சரித்திரத்தில் இடம் பெற்ற ரகங்களுக்கு மட்டும். அந்த ரகத்தில் கடைசி விமானத்தை விற்குமுன் கம்பெனி சர்க்காருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் காட்சிச்சாலையார் எவரும் முன்வராவிட்டால் தாராளமாக விற்றுக்கொள்ளலாம். முன்வந்தால், விமானத்தைக் கொடுப்பதோடு, விற்ற மற்ற விமானங்களின் தொகையில் ஒரு சிறு பங்கையும் நிலையான மூலதனமாகக் கொடுக்க வேண்டும். அத்தொகைக்கு வருமான வரி விலக்கு அளிக்கலாம். ஆட்டைக் கொடுப்பவனிடம் சுங்கம் வாங்குவது அழகன்று.

உடைமை விஷயத்தில் நமது வக்கீல் புத்தி சற்றுக் கண்டிப்பாகவே பேசுகிறது. 2003ல் கன்கார்டு விமானங்களைக் காட்சிச்சாலைகளுக்கு அனுப்பியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸ் உடைமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இரவலாகத்தான் தந்தது. இரவல் கொடுத்தவர் நினைத்தால் திரும்பக் கேட்கலாம். வாங்கியவரோ தமதல்லாத பொருளுக்குக் கூரை போடத் தயங்குவார். நமக்கு இரவல் வேண்டாம். பூரண தத்தமாக ஒரு டிரஸ்டின் பெயருக்கு எழுதி வைக்கப்பட வேண்டும். கம்பெனி கைமாறினாலும் மந்திரி சபை மாறினாலும் டிரஸ்ட் மாறாது.

நிலமும் கூரையும் விமான நிலையங்களை நடத்தும் கம்பெனிகளின் பொறுப்பாக வேண்டும். டில்லியிலும் மும்பையிலும் பொது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கடைகளும் ஓட்டல்களும் வைத்துப் பணம் சேர்க்கிறவர்கள் ஓர் ஓரத்தை இதற்கு விட்டால் குறைந்து போக மாட்டார்கள். குத்தகை புதுப்பிக்கும்போது நிபந்தனையாகவே எழுதலாம். மத்திய சர்க்கார் ஒரே தடவை, கட்டிடத்திற்கு மட்டும், மற்றவர்கள் கொடுப்பதற்குச் சமமான தொகை கொடுக்கட்டும். நித்தியப்படிச் செலவுக்குப் பொக்கிஷத்தைத் திறக்கலாகாது; ஆஸ்பத்திரிப் படுக்கையைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு நாம் தரும் உறுதி அது. இதையே சாக்காக வைத்துப் பிரயாணிகளின் டிக்கட்டில் புதிதாக ஒரு தீர்வை விதிக்க யாரேனும் முயன்றால் முதலில் எதிர்ப்பவர்கள் நாமாயிருப்போம். டிக்கட்டில் இன்றுள்ள கட்டணங்களின் பட்டியலே போதும்.

பார்லிமெண்டின் அடுத்த கூட்டத்தில் நமது அங்கத்தினர்களில் ஒருவராவது விமானப் போக்குவரத்து மந்திரியிடம் மூன்று விவரங்களைக் கேட்க வேண்டும்: 1953 முதல் 2022 வரை பொதுப் பணத்தில் வாங்கிய பிரயாணி விமானங்களில் இன்று முழு உருவத்தோடு தேசத்தில் நிற்பவை எத்தனை? அவை எங்கே, யாருடைய உடைமையில் நிற்கின்றன? அவற்றில் கூரைக்கு அடியில் இருப்பவை எத்தனை? பதில் கிடைத்த அன்று அதை இப்பக்கத்தில் அப்படியே பிரசுரிப்போம்.